கை அசையுமுன்

1

செயல் எங்கே ஆரம்பிக்கிறது என்பது தத்துவத்தில் பழைய கேள்வி. பழைய கேள்விகளில் ஒரு சௌகரியம் உண்டு. பதில் கிடைக்காமல் போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை; அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். இந்தக் கேள்வியைப் பொறுத்தவரை அந்தச் சௌகரியம் தீர்ந்துவருகிறது என்று எனக்குப் படுகிறது. தசைகளில் எழும் மின்சாரத்தைத் தோலின் மேலிருந்தே அளந்து, அதைக் கொண்டு கம்ப்யூட்டரை இயக்கும் ஆராய்ச்சி தன் போக்கில் ஒரு பதிலைச் சொல்லிவிட்டது. அந்தப் பதில் 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் கடைக்கும் வந்தது: மெட்டா நிறுவனம் திரை பதித்த மூக்குக்கண்ணாடியோடு சேர்த்து 799 டாலருக்கு விற்ற மணிக்கட்டுப் பட்டை. அணிந்தவர் விசைப்பலகையைத் தொடுவதில்லை. கையைத் தொடைமேல் வைத்தபடி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் லேசாக ஒன்றுசேர்த்தால் போதும். கண்ணாடிக்குள் ஏதோ ஒன்று திறக்கிறது, ஏதோ ஒன்று போய்ச் சேர்கிறது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு இது அற்புதம். மற்றதற்கு இது மனத்தைத் திருடும் யந்திரம். இரண்டும் ஒரே தவற்றின் இரண்டு பக்கங்கள். மனம் உள்ளே, செயல் வெளியே, நடுவே ஒரு சுவர் என்று இரண்டும் நினைக்கின்றன. யந்திரம் சுவரைத் தாண்டிவிட்டது என்று ஒன்று கைதட்டுகிறது, மற்றது அலறுகிறது. அங்கே சுவர் இருந்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

2

விஷயத்தின் விஞ்ஞானம் சுருக்கமாக. தவளையின் காலில் மின்சாரத்தைப் பற்றிப் பொலோன்யா நகரத்து கால்வானி 1791இல் எழுதினார். மனிதன் தானே விரும்பித் தசையை இறுக்கும்போது மின்சாரம் பிறக்கிறது என்பதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பெர்லினில் து புவா-ரேமோன் காட்டினார். அன்றைய கருவிகளுக்குத் தோலின் தடை பெரிய இடைஞ்சல். அதனால் தோலில் கொப்புளம் எழுப்பி, அதை உரித்துவிட்டு, திறந்த புண்ணின் மேல் அளந்தார். விருப்பம் என்பதைக் கருவியில் பார்க்க மனிதன் கொடுத்த முதல் விலை ஒரு துண்டுத் தோல். 1929இல் ஏட்ரியனும் பிராங்க்கும் ஊசிக்குள் மின்கம்பி வைத்துத் தசைக்குள் இறக்கினார்கள். ஒலிபெருக்கியில் தசையின் பேச்சைக் கேட்டார்கள்.

மூளையிலிருந்து வரும் உத்தரவு தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணுவை எட்டுகிறது. அதன் வால் போன்ற நீண்ட இழை தசைக்குப் போய்க் கிளைகளாகப் பிரிந்து பல தசைநார்களை எட்டுகிறது. அந்த ஒரு நரம்பணுவும் அதன் ஆட்சியில் உள்ள நார்களும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. நரம்பில் ஒரு துடிப்பு வந்தால் அதற்குரிய நார்கள் எல்லாம் ஒன்றாகத் துடிக்கின்றன. நரம்பின் முணுமுணுப்பைத் தசை உரக்கச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உரக்க என்றாலும், தோலின் மேல் வந்து சேரும்போது அது ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்குக்குள் அடங்கிவிடும். விரல்களுக்குள் தசை கிடையாது. அவற்றை மடக்கி நீட்டும் தசைகளில் பெரும்பாலானவை முன்கையில் இருக்கின்றன; தசைநாண்கள்தான் மணிக்கட்டு வழியாகப் போய் விரல்களை இழுக்கின்றன. எனவே மணிக்கட்டில் கட்டிய பட்டைக்கு எந்த விரல் என்ன செய்யப்போகிறது என்பது தெரிகிறது. ‘செய்யப்போகிறது’ என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். தசையில் மின்சாரம் எழுவதற்கும் விரல் உண்மையில் அசைவதற்கும் நடுவே சில பத்து மில்லி செகண்டுகள் இடைவெளி உண்டு.

3

இந்த ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு சமாதானம் சொல்வது வழக்கம். நாங்கள் மூளையைத் தொடவில்லை, மனத்தைப் படிக்கவில்லை. நீங்கள் முடிவெடுத்துத் தசைக்கு அனுப்பிவிட்ட உத்தரவை மட்டுமே படிக்கிறோம் என்பது அது. தபால் பெட்டியில் போட்டுவிட்ட கடிதத்தைத்தான் எடுக்கிறோம், மேஜையில் கிடப்பதை அல்ல என்பது போன்ற வாதம். நேர்மையான வாதம்தான், ஆனால் போதாது.

சிகாகோவில் எட்மண்ட் ஜேகப்ஸன் 1930 வாக்கில் செய்த சோதனைகள் இங்கே முக்கியம். கையை மடக்குவதாகக் கற்பனை மட்டும் செய்யுங்கள் என்று படுத்திருப்பவரிடம் சொன்னார். கை அசையவில்லை. ஆனால் கையின் தசையில் மின்சாரம் எழுந்தது, மிகக் கொஞ்சமாக. பேசுவதாக நினைத்தபோது நாக்கிலும் உதட்டிலும். அப்படியானால் தபால் பெட்டியில் போடாத கடிதமும் அங்கே கிடக்கிறது. கனடாவில் பாஸ்மாஜியன் 1963இல் வெளியிட்ட சோதனை இன்னொரு திசையிலிருந்து வருகிறது. ஒரே ஓர் இயக்க அலகின் துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்க வைத்தபோது, சாதாரண மனிதர்கள் கொஞ்ச நேரத்தில் அந்த ஒன்றை மட்டும் விருப்பம் போல எழுப்பவும் அடக்கவும் கற்றார்கள். சிலர் அதில் முரசு கொட்டுவது மாதிரித் தாளம் போட்டார்கள். தனக்குள் இருக்கிறது என்று அதுவரை அறியாத ஒரு நரம்பணுவை ஒருவர் வாசிக்கிறார். வெளியே கையில் பார்க்கத்தக்க அசைவு எதுவும் இல்லை. இதை நினைப்பு என்பதா, செயல் என்பதா?

மூன்றாவது, எல்லோரும் அறிந்த லிபெட். அவருடைய 1983ஆம் வருஷத்துச் சோதனையைச் சுயேச்சைக்கு எழுதிய மரண அறிவிப்பாகப் பலர் மேற்கோள் காட்டிவிட்டார்கள். தோன்றும்போது விரலையோ மணிக்கட்டையோ மடக்கச் சொன்னார். மடக்குவதற்குச் சுமார் 550 மில்லி செகண்டுக்கு முன்பே மூளையில் ஆயத்தம் தொடங்கியது. மடக்க விரும்புகிறோம் என்பதை அவர்கள் உணர்ந்ததாகச் சொன்னது சுமார் 200 மில்லி செகண்டுக்கு முன்புதான். இதிலிருந்து என்ன பெறலாம் என்பதில் சர்ச்சை ஓயவில்லை. 2012இல் ஷூர்கரும் சகாக்களும் அந்த ஆயத்தத்தையே வேறு மாதிரி விளக்கினார்கள். மூளையின் இரைச்சல் ஏறி இறங்கி ஒரு வாசற்படியைத் தாண்டும்போது அசைவு நிகழ்கிறது. பின்னோக்கிச் சராசரி எடுப்பதால் அந்த ஏற்றம் ஆயத்தம் போலத் தெரிகிறது என்றார்கள். நான் சுட்ட விரும்புவது இந்தச் சர்ச்சையில் யாரும் அதிகம் நின்று பார்க்காத ஒன்றை. 550, 200 என்றெல்லாம் பின்னோக்கி எண்ணுகிறார்களே, எதிலிருந்து எண்ணுகிறார்கள்? பூஜ்யம் எது? முன்கைத் தசையில் மின்சாரம் எழுந்த கணம். செயலின் ஆரம்பம் என்று லிபெட் எடுத்துக்கொண்டது விரல் அசைந்ததை அல்ல, தசையின் மின்குறியை. சுயேச்சையைப் பற்றிய நம் காலத்தின் மிகப் பிரபலமான விவாதம் முழுவதும், செயல் என்றால் தசை மின்சாரம் என்ற ஒப்புக்கொள்ளலின் மேல் நடந்திருக்கிறது. சோதனைச்சாலையில் அது அளவுக்கு ஒரு சௌகரியம், அவ்வளவுதான். மணிக்கட்டுப் பட்டையில் அது சட்டமாகிவிட்டது.

சுவர் இல்லை என்பதுதான் இவை எல்லாவற்றிலிருந்தும் நான் பெறுவது. தசை என்பது நினைப்பு முடிந்து செயல் தொடங்கும் எல்லைக்கோடு அல்ல. இரண்டும் கலந்து ஓடுகிற ஒரு பிரதேசம் அது. அங்கே ஒரு கோட்டைப் போட்டு, இதற்கு அப்பால் செயல் என்று சொல்வது கண்டுபிடிப்பு ஆகாது. அது ஒரு தீர்ப்பு. எவ்வளவு மின்சாரத்துக்கு மேல் போனால் கட்டளை என்று கொள்வது என்ற அளவை, என்ஜினியர்களும் ஆங்கிலத்தில் வாசற்படி என்ற சொல்லாலேயே குறிக்கிறார்கள். வாசற்படி தானாக வளர்வதில்லை, யாரோ வைக்கிறார்கள். படியைத் தாழ்த்தினால் நீங்கள் விரும்பாததெல்லாம் செயலாகும். உயர்த்தினால் நீங்கள் விரும்பியது செயலாகாமல் போகும். கருவி எவ்வளவு தேர்ந்தாலும் இரண்டு பிழைகளில் எதை அதிகம் பொறுத்துக்கொள்வது என்று ஒருவர் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். நான் என்ன செய்தேன் என்பதை நிச்சயிக்கும் அந்த எண் எங்கோ ஒரு மேஜையில் எழுதப்படுகிறது. நான் அங்கே இல்லை.

4

ஒழுக்கம் சம்பந்தப்பட்ட கேள்வி இங்கிருந்துதான் எழுகிறது. செயல் எங்கே ஆரம்பிக்கிறது என்பதைக் காட்டிலும், அதற்கு நடு என்று ஒன்று உண்டா என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன்.

நம் பேச்சில் ‘கை ஓங்கினான்’ என்பதும் ‘அடித்தான்’ என்பதும் வேறு வேறு. ஓங்கியதற்கே ஒரு வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோகலாம். அது சின்ன விஷயமில்லை. ஆனாலும் அது அடி அல்ல. 1860ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம் அடிப்பதற்கு அடையாளமாகக் கையைக் காட்டுவதைத் தனிக் குற்றமாக வைத்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டமும் அந்தப் பாகுபாட்டைக் கைவிடவில்லை. பாமரனும் வக்கீலும் ஒப்புக்கொள்ளும் இந்த வித்தியாசத்துக்கு ஆதாரம் என்ன? கைக்கு எடை இருக்கிறது. அது மேலே போகவும் கீழே வரவும் நேரமாகிறது. அந்த நேரத்தில் எதிரே இருப்பவரின் முகம் தெரிகிறது. ஓங்கியவனுக்குத் தான் ஓங்கியிருப்பது தெரிகிறது. திரும்பலாம். திரும்பினால், திரும்பியதும் ஒரு நிகழ்ச்சியாக இரண்டு பேர் மனத்திலும் தங்கிவிடுகிறது. கையின் எடை ஒரு பௌதிக உண்மை மட்டுமில்லை, ஒரு தார்மீக ஸ்தாபனமும்கூட. யாரும் திட்டமிட்டுக் கட்டாத, எல்லோரும் இலவசமாக அனுபவித்துவந்த ஸ்தாபனம்.

வாசற்படியைத் தாண்டும் மின்குறிக்கு நடு கிடையாது. தாண்டியது, தாண்டவில்லை, இரண்டில் ஒன்று. பாதித் தூரம் போய்த் திரும்பியது என்பது அதன் கணக்கில் வராது. வந்தால் இரைச்சல் என்று வடிகட்டப்படும்.

துப்பாக்கி விசையும் மின்விளக்கு பொத்தானும் இதை எப்போதோ செய்துவிட்டனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கல்லெறிவதிலிருந்து வில், வில்லிலிருந்து விசை, விசையிலிருந்து பொத்தான் என்று செயலின் நடு தொடர்ந்து குறுகிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் பொத்தான் ஓர் இடத்தில் இருந்தது. அங்கே கை போக வேண்டியிருந்தது. போகாமல் இருக்கவும் முடிந்தது. தசைக்குறியை வாசிக்கும் யந்திரத்துக்கு இடம் கிடையாது. பொத்தான் என் உடம்போடு நடக்கிறது, தூங்குகிறது. கண்பார்வையால் கம்ப்யூட்டரை இயக்க முயன்றவர்கள் 1990 வாக்கிலேயே இந்த ஆபத்தைச் சந்தித்து, மிடாஸின் பெயரை அதற்கு வைத்தார்கள். தொட்டதெல்லாம் பொன்னான ராஜாவுக்குச் சோறும் பொன்னாயிற்று. பார்த்ததெல்லாம் கட்டளையானால் சும்மா பார்ப்பது என்பது ஒழிந்துபோகும். தசைக்கும் இதே கதி. சும்மா இருப்பது என்பது இனி உடம்பின் இயல்பு நிலை அல்ல. அதுவும் யந்திரம் அங்கீகரிக்க வேண்டிய ஒரு வகை. உண்மையில் இந்தத் துறையில் எந்தக் கட்டளையும் இல்லாத நிலையைத் தனி வகையாக யந்திரத்துக்குக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. தலையைச் சொறிவதும் சாவியைத் திருகுவதும் செயல் அல்ல என்று அதற்குப் படித்துப் படித்துச் சொல்ல வேண்டும்.

என்ஜினியர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. அன்றாடத்தில் அநேகமாக வராத அசைவுகளைத் தேடிக் கட்டளையாக்குகிறார்கள். இரட்டைத் தட்டல் கேட்கிறார்கள். நிஜமாகவா என்று ஒரு முறை கேட்கிறார்கள். செய்ததை அழிக்க ஒரு வழி வைக்கிறார்கள். இழந்த நடுவைத் திரும்பக் கட்டும் முயற்சிகளாகவே இவற்றை நான் பார்க்கிறேன். ஆனால் அவர்கள் இவற்றைச் சௌகரியம் என்ற தலைப்பின் கீழ் எழுதிவைக்கிறார்கள். சௌகரியம் என்று எழுதினால், வேகம் குறைகிறது என்ற புகார் வந்ததும் முதலில் எடுத்துவிடுவதும் இவற்றைத்தான்.

5

இதுவரை சொன்னதற்கு எதிராக ஒரு பலமான வாதம் இருக்கிறது. அதைச் சந்திக்காமல் மேலே போவது யோக்கியமில்லை.

கையின் எடையைப் புகழ்வதற்குக் கை வேண்டும். தூக்க முடிந்தவனுக்குத்தான் எடை ஓர் ஒழுக்க ஸ்தாபனம். தூக்க முடியாதவனுக்கு அது சிறை. இந்த ஆராய்ச்சி கைகள் உள்ளவர்களுக்காகத் தொடங்கியதுமில்லை. மியூனிக்கில் ராய்ட்டர் என்ற பௌதிக மாணவர் தசை மின்சாரத்தால் இயங்கும் செயற்கைக் கையைச் செய்து 1948இல் அது பற்றி எழுதியபோது, ஐரோப்பாவில் யுத்தத்தில் கையிழந்தவர்கள் தெருவெங்கும் இருந்தார்கள். 1960 வாக்கில் ரஷ்யர்கள் டிரான்ஸிஸ்டர் கொண்டு அத்தகைய கையைச் செய்து வெளியுலகுக்குக் காட்டினார்கள். தாலிடோமைட் மருந்தால் கையில்லாமல் பிறந்த குழந்தைகள் அந்த வேலையை அவசரமாக்கினார்கள். 2024இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் மெட்டாவோடு சேர்ந்து, தண்டுவடம் அடிபட்டுக் கை செயலற்றுப்போனவர்களிடம் மணிக்கட்டுப் பட்டையைச் சோதிக்கத் தொடங்கியது. அசையாத கையிலும் அவர்கள் முயலும்போது கொஞ்சம் மின்குறி மிஞ்சியிருக்கிறது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது கிடக்கிற கை. உள்ளே ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டே இருக்கிறார். அந்த முயற்சியை இத்தனை நாள் யாரும் செயல் என்று ஒப்புக்கொள்ளவில்லை. யந்திரம் ஒப்புக்கொள்கிறது. இதைவிடப் பெரிய நியாயத்தை ஒரு யந்திரம் செய்ய முடியுமா என்று தெரியவில்லை.

ஸ்டீபன் ஹாக்கிங்கின் கடைசி வருஷங்களை நினைத்துப் பார்க்கலாம். அவர் உபயோகித்தது மின்குறி அல்ல. கன்னத் தசையின் அசைவை மூக்குக்கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்புக் கருவி பார்த்துக்கொண்டது. தசை தளரத் தளர வேகம் நிமிஷத்துக்கு ஒரு வார்த்தை என்ற அளவுக்கு இறங்கியது. நான் மேலே கேட்ட ‘நடு’ அவருக்கு வேண்டிய மட்டும் இருந்தது. வேண்டாத மட்டும் இருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் திரும்பிப்போக அவகாசம் இருந்தது. அவரிடம் போய்த் தாமதத்தின் தார்மீகத்தைப் பேசுவது அநாகரிகம்.

எனவே ஒரே வாசற்படிக்கு இரண்டு தார்மீக மதிப்புகள் உண்டு. படியைத் தாழ்த்துவது ஒருவருக்கு நியாயம் வழங்குவது. இன்னொருவரிடமிருந்து அவருக்குத் தெரியாமல் ஒன்றை எடுத்துக்கொள்வது. முன்னவருக்கு யந்திரம் செயலைத் தருகிறது. பின்னவருக்குச் செயலிலிருந்து நடுவை உருவிவிட்டு மிச்சத்தைத் தருகிறது. வியாபாரம் இந்த இருவரையும் ஒரே விளம்பரத்தில் நிறுத்துகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவரின் பெயரால் எழும் மரியாதை, மூக்குக்கண்ணாடி வாங்குகிறவரின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. என் ஆட்சேபம் யந்திரத்தின்மேல் அல்ல, இந்த வரவின்மேல்.

6

இரண்டு கையும் உள்ளவனுக்குக் கை ஓய்வாக இருக்க வேண்டிய அவசியம் என்ன? அறுவை மேஜையில் கையுறையோடு நிற்கும் டாக்டருக்கும் விமானம் ஓட்டுகிறவருக்கும் காரணம் இருக்கிறது. விற்பனைக்கு வந்த பட்டையின் பெருமையாகச் சொல்லப்பட்டது வேறு. கை பாக்கெட்டிலோ தொடையிலோ இருக்கும்போதே வேலை நடக்கும். கூட இருப்பவருக்குத் தெரியாது. தெரியாமலிருப்பது இங்கே ஒரு குணமாக விற்கப்படுகிறது.

ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது நான் போனை எடுத்தால், அது அவருக்குத் தெரிகிறது. அவர் புண்படலாம், நான் மன்னிப்புக் கேட்கலாம். மரியாதைக் குறைவுதான், ஆனாலும் எங்களிருவருக்கும் நடுவில் நடந்த ஒன்று. பாக்கெட்டுக்குள் கட்டைவிரல் நகர்ந்தால் எங்களிடையே எதுவும் நடக்கவில்லை. செயலுக்குச் சாட்சி இல்லாமல் போகிறது.

வங்கி கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்தச் சாட்சி விஷயம் அன்றாடம். பணம் எடுக்கும் சீட்டில் உள்ள கையெழுத்தைத் திரையில் தெரியும் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவது என் உத்தியோகத்தின் ஒரு பகுதி. வயதான பென்ஷன்தாரர்களின் கையெழுத்து ஒத்துப்போகாது. கை நடுங்கி, எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கியிருக்கும். “ஐயா, என் முன்னால இன்னொரு தடவை போடுங்க” என்று கேட்பது எங்கள் வழக்கம். இரண்டாவது தடவையும் அது மாதிரியோடு ஒத்துப்போவதில்லை; அநேகமாக முதல் தடவையைவிட மோசமாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறோம். மையின் வடிவம் ஒத்துப்போனதா என்பதல்ல அங்கே நிர்ணயம். இந்த மனிதர், இந்த இடத்தில், என் கண்ணெதிரே, இதைத் தன் செயலாகச் செய்கிறார். நான் அதற்கு ஆள். கையெழுத்து என்பது ஒரு படம் அல்ல, ஒருவர் முன்னிலையில் நடக்கும் நிகழ்ச்சி. ரேகை வைப்பவருக்கும் இது பொருந்தும். கைநாட்டு என்று ஏளனமாகச் சொல்லும் அந்தச் செய்கையில் பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போடும் இன்னொருவரும் சேர்த்தி.

சாட்சி இல்லாத செயல் சுதந்திரமானது என்று ஒரு நவீன நம்பிக்கை நம்மிடம் ஊறியிருக்கிறது. கவிதை பற்றிப் பேசும்போது நாமும் இதைச் சொல்லியிருக்கிறோம். ஆனால் கவிஞன் தனியாக எழுதியதைக் கடைசியில் இன்னொருவர் முன்னால் வைக்கிறான். அப்போதுதான் அது அவன் எழுதியதாக ஆகிறது.

7

கையெழுத்தைப் பற்றி இன்னும் ஒன்று. இந்தத் துறையில் நெடுநாள் பெரிய தடையாக இருந்தது மனிதர்களின் வித்தியாசம். ஒருவரின் தசை மின்சாரம் இன்னொருவருடையதைப் போல இருப்பதில்லை. கொழுப்பு, வியர்வை, எலும்பின் பருமன், பட்டை ஒரு விரற்கடை நகர்ந்துவிடுவது, எல்லாம் குறியை மாற்றும். ஆகவே யந்திரம் ஒவ்வொருவரிடமும் புதிதாகப் பாடம் கேட்க வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் நேச்சர் பத்திரிகையில் மெட்டாவின் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கட்டுரை இந்தத் தடை பெரிதும் நீங்கிவிட்டதைக் காட்டியது. ஆயிரக்கணக்கானவர்களிடம் சேகரித்த குறிகளால் பயிற்றப்பட்ட யந்திரம், அதுவரை சந்தித்திராத ஒருவரின் மணிக்கட்டிலும் வேலை செய்கிறது. பேனா இல்லாமல் காற்றிலோ மேஜையிலோ எழுதுவது போல விரலை அசைத்தால் நிமிஷத்துக்கு 20.9 வார்த்தை எழுத்தாகிறது. அந்த நபரின் குறிகளையும் கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் 16 சதவீதம் முன்னேற்றம் கிடைக்கிறது.

முன்பு யந்திரம் என்னைக் கற்றது, அல்லது நான் யந்திரத்தைக் கற்றேன். இப்போது நான் வருவதற்கு முன்பே அது என்னை அறிந்திருக்கிறது, என்னைப் போன்றவர்கள் ஏற்கனவே வந்துபோயிருப்பதால். என் எழுத்தில் எல்லோருக்கும் பொதுவானது ‘எழுத்து’. எனக்கு மட்டும் உரியது, எழுத்தை அடைய விலக்க வேண்டிய கசடு. கையெழுத்திலிருந்து கையைக் கழித்த மிச்சம் இது. கை உயர்வதற்கும் கையை உயர்த்துவதற்கும் உள்ள வித்தியாசத்தை விட்கென்ஸ்டைன் ஒரு கழித்தல் கணக்காக்கி நம்மிடம் விட்டுப்போனார். அவர் தேடிய மிச்சம் வேறு, இது வேறு. கணக்கு என்னவோ திரும்பிவந்திருக்கிறது.

அச்சுக்கோப்பவரும் இதைத்தானே செய்தார் என்று கேட்பவருக்கு ஆம் என்பேன். இந்தப் பக்கங்களில் வரும் யாருடைய கையெழுத்தும் உங்களுக்குத் தெரியாது. அதற்காக நான் அழத் தயாரில்லை. ஆனால் அச்சுக்குப் பின்னால் ஒரு கையெழுத்துப் பிரதி இருந்தது. அது எழுதியவனிடமோ ஆசிரியரின் மேஜை இழுப்பிலோ கிடந்தது. மணிக்கட்டில் எழுதப்படுவதற்குப் பிரதி இல்லை என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. பிரதி உண்டு. நடுக்கம், தயக்கம், தொடங்கி விட்ட எழுத்து, களைப்பு, எல்லாம் அந்த மின்குறியில் உண்டு, எந்தக் காகிதத்திலும் இருந்ததைவிட நுட்பமாக. அது யாருடைய இழுப்பில் கிடக்கிறது என்பதுதான் விஷயம். தத்துவக்காரர்கள் மூளையைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கையில், அமெரிக்காவின் கொலராடோ, கலிபோர்னியா மாநிலச் சட்டங்கள் 2024இல் ஒரு காரியம் செய்தன. பாதுகாக்க வேண்டிய நரம்புத் தகவல் என்பதில் மூளை, தண்டுவடத்தோடு அவற்றுக்கு வெளியே உடம்பெங்கும் ஓடும் நரம்புகளையும் சேர்த்தன. அந்தரங்கம் மண்டையோட்டுக்குள் முடிந்துவிடவில்லை, முன்கையிலும் இருக்கிறது என்று சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. சுவர் இல்லை என்று நான் சுற்றிவளைத்துச் சொன்னதும் இதைத்தான்.

8

கடைசியாகப் பொறுப்பு. யந்திரத்தின் பதிவேட்டில் ஒரு மணி ஒரு நிமிஷத்தில் குறி வாசற்படியைத் தாண்டியது என்று இருக்கிறது. நான் செய்யவில்லை என்கிறேன். யார் சொல்வது செல்லும்? லிபெட்டின் சோதனையில் ‘இப்போதுதான் விரும்பினேன்’ என்று ஆள் சொன்ன வார்த்தைக்கு ஓர் எண் இருந்தது; மூளையின் எண்ணோடும் தசையின் எண்ணோடும் அது சரிசமமாக மேஜையில் வைக்கப்பட்டது. அந்த எண்ணை நம்பலாமா என்று சண்டை போட்டார்கள், ஆனால் வைத்தார்கள். மணிக்கட்டுப் பட்டையில் அதற்குக் கட்டமே இல்லை.

உடம்பின் செயல் பெரிதா, மனத்தின் செயல் பெரிதா என்பதில் ஜைனரும் பௌத்தரும் மோதிக்கொண்டது பழைய கதை. பாலியில் உள்ள உபாலி சூத்திரத்தில் ஜைனத் துறவி உடம்பின் குற்றமே கொடியது என்கிறார். புத்தர் மனத்தின் குற்றமே என்கிறார். பௌத்தர் எழுதிவைத்த கதையாதலால் புத்தர் ஜெயிக்கிறார். தமிழிலும் குண்டலகேசியும் அதை எதிர்த்து நீலகேசியும் எழுந்த பூமி இது. படித்த நம்மில் பெரும்பாலோர் புத்தர் கட்சி; எண்ணமே செயல் என்பது நமக்குப் பெருந்தன்மையாகப் படுகிறது. யந்திரம் இந்த இரண்டு கட்சியையும் விசித்திரமாகக் கலந்துவிட்டது. எண்ணத்தின் நிழலையே செயலாகக் கொள்கிறது, அதில் பௌத்தம். நினைத்தாயா இல்லையா என்று கேட்பதில்லை, உடம்பில் நடந்ததே போதும் என்கிறது, அதில் ஜைனம். இரண்டிலும் இருந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டது. காலடியில் எறும்பைப் பார்த்து நடக்கும் ஜைனத் துறவியும், எழுகிற எண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிக்ஷுவும் பார்த்தார்கள். செயலின் நடுவில் நின்று பார்த்தார்கள். அவர்களுடைய ஒழுக்கம் முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது.

செயல் ஒருவனுடையதாவது குறி தாண்டும் கணத்தில் அல்ல என்பது என் முடிவு. செய்துகொண்டிருக்கும்போது திரும்ப முடிந்தும் திரும்பாமல் போனதிலும், செய்தபின் இன்னொருவர் முன்னால் ஆம் என்று ஏற்றுக்கொள்வதிலும்தான் அது அவனுடையதாகிறது. செய்ததை அழிக்கும் பொத்தான் இதற்கு ஈடல்ல. அழித்தல் நடந்ததை இல்லாததாக்குகிறது. திரும்புதல் நடந்ததோடு சேர்ந்து நடக்கிறது. ஓங்கிய கையை இறக்கியவன் ஓங்காதவனைப் போல ஆகிவிடுவதில்லை. அவனுக்கு அதன்பின் தன்னைப் பற்றி ஒன்று தெரியும்.

கை செயலற்றவருக்கு யந்திரம் எவ்வளவு தாழ்ந்த வாசற்படியை வைத்தாலும் தகும். மற்ற நமக்கு அதனிடம் கேட்க வேண்டியது கொஞ்சம் எடை. எவ்வளவு என்று நிச்சயிக்கும் மேஜையில் நம்மில் யாரும் இல்லை. இப்போதைக்கு அந்த எண்ணை எழுதுகிறவருக்கு, தான் ஓர் ஒழுக்க விதியை எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பது தெரியுமா என்றுகூட நமக்குத் தெரியாது.